காண்டாக் கம்பில் வந்த சோறு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், கெடா, பேராக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் குடும்பங்கள் பினாங்குக்குப் புறப்பட்டுவிடும். விடியற்காலையில் எழுந்து ஒரு அண்டா புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கைப் பிரட்டி, பொட்டலம் கட்டி வேனில் ஏற்றிவிடுவோம். தண்ணீர்மலையில் முருகனைக் கும்பிடுவோம். கொடிமலை ரயிலில் ஏறிப் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுவோம். கடற்கரையில் மர நிழல் பார்த்துப் பாயை விரித்து, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயத் தோட்டம் திரும்புவோம்.

"பினாங்கைப் பார்த்தாச்சு" என்று நாலு பேரிடம் சொல்லுவோம். பார்த்தது உண்மைதான். ஆனால், எந்தெந்தத் தேசத்திலிருந்தோ மக்கள் விமானம் ஏறி வந்து வரிசையில் நின்று சாப்பிடுகிறார்களே, அந்தச் சாப்பாட்டை மட்டும் நாம் தொடாமலே வந்துவிடுகிறோம்.

ஏன் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். "பட்டணத்து விலை நமக்குக் கட்டுமா?" என்பது ஒன்று. "மாடோ பன்றியோ எதில் கலந்திருக்குமோ?" என்பது இரண்டு. "அந்தச் சீனப் பண்டங்களுக்குப் பெயரே தெரியாது, எப்படிக் கேட்பது?" என்பது மூன்று. மூன்றும் நியாயமான கேள்விகளே. மூன்றுக்கும் இக்கட்டுரையில் வழி சொல்லலாம்.

ஆனால், வாய் திறந்து சொல்லாத நான்காவது காரணம் ஒன்று உண்டு. "அதெல்லாம் பட்டணத்தார் சாப்பாடு, தோட்டத்து ஆளுக்கு எதற்கு?" என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அக்கரைக்குப் போவோம்

பட்டர்வொர்த்துக்கு ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும், நிலையத்தை ஒட்டியே பெர்ரித் துறை இருக்கிறது. 1985-ல் திறந்த பாலமும் 2014-ல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கின்றன என்றாலும், முதல் முறை போகிறவர்கள் கடல் வழியே போவதுதான் அழகு. காரையும் லாரியையும் வயிற்றில் அடக்கிக்கொண்டு அசைந்து அசைந்து போன பழைய பெர்ரிகள் ஓய்ந்துவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே ஏறலாம்.

அந்தத் தண்ணீரைச் சற்று உற்றுப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் பாட்டன், பூட்டன் ஏறிவந்த கப்பல்கள் இந்தத் துறையில்தான் வந்து நின்றன. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் தெரியாத பழைய குடும்பம் நம்மில் உண்டா? தெற்கே, பாலத்தை அடுத்துத் தெரிவது ஜெரெஜாக் தீவு. வந்தவர்களில் பலரை அங்கே இறக்கி, நோய் நொடி இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். எத்தனையோ பேர் பினாங்கைக் கண்ணால் கண்டும் அதன் தெருவில் ஒரு வேளை கைநனைக்காமலே கித்தாக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் உட்காராத மேசையில் பேரன், பேத்திகள் உட்கார்வதில் தவறென்ன?

1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இத்தீவில் கொடியேற்றி, தங்கள் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று ஊருக்குப் பெயர் வைத்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், அரபியர், பர்மியர் என்று பலரும் வந்து குடியேறினார்கள். துறையிலிருந்து சற்று நடந்தாலே குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில். அருகிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதே சாலையில் சீனர்களின் குவான் இம் கோயில். மூன்று சாமிக்கும் ஒரே பேட்டை. 2008-ல் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து இவ்வூரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தக் கலப்பைக் கண்ணால் பார்த்தால் போதாது. நாக்கால்தான் முழுக்கத் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் பசியாறுவோம்

சீனர் கோப்பிக்கடைக்குள் நுழையத் தயங்குகிறவர்கள் அதன் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் தயக்கம் போய்விடும். கடைக்காரர் விற்பது பெரும்பாலும் கோப்பியும் தேநீரும் குளிர்பானமும்தான். சுற்றியுள்ள வண்டிகளும் அடுப்புகளும் வேறு வேறு ஆட்களுடையவை; அவர்கள் இடத்துக்கு வாடகை தருகிறவர்கள். ஆகவே, முதலில் ஒரு மேசையைப் பிடித்து உட்காருங்கள். மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்க வருபவரிடம் ஆளுக்கொரு பானம் சொல்லுங்கள். பானம் வாங்காமல் மேசையை மட்டும் பிடித்துக்கொள்வது அங்கே முறையல்ல. பிறகு ஒருவர் எழுந்து போய், வேண்டிய வண்டியில் பண்டத்தைக் கேட்டு, மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்தால், தட்டு தானாக வந்து சேரும். தட்டு வந்ததும் காசு கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கோப்பிக்கடைகளைப் பரப்பியவர்கள் ஹைனான் தீவுச் சீனர்கள். மற்றச் சீனர்களுக்குப் பிந்தி இங்கே வந்ததால் நல்ல தொழில்களில் இடம் கிடைக்காமல், வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் சமையல்காரர்களாக இருந்தவர்கள் பலர். துரை வீட்டு ரொட்டியும் கோப்பியும் அவர்கள் கைவழியே தெருவுக்கு வந்தன. துரை பங்களாவின் சமையற்கட்டு எப்படியிருக்கும் என்று நமக்கும் தெரியுமல்லவா?

தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்குப் போனால் ரொட்டி சானாய். மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்து, வீசி வீசிக் காகிதம்போல் மெலிதாக்கி, மடித்துக் கல்லில் போடும் வித்தையைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதில் எடுத்துச் சொல்லப்பட்டவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக். எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் பசியாறுவதுதான் அந்தப் பெருமைக்குக் காரணம். "பசியாறியாச்சா?" என்று நாம் தினமும் கேட்கும் கேள்விக்கு உலகமே மதிப்புக் கொடுத்திருக்கிறது.

"எந்தத் தோட்டம்மா?"

சென்ற விடுமுறையில் அக்காள் குடும்பத்தோடு போயிருந்தேன். சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால் வெட்டியவள் அவள். பகல் சாப்பாட்டு நேரத்தில் சூலியா தெருவுக்குப் போனோம். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களை அந்தக் காலத்தில் 'சூலியா' என்பார்கள். தெருவின் பெயரே அவர்களுடையது. அங்கே ஒரு நாசி கண்டார் கடை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

குழம்புகளைப் பார்த்தால் ஒரு விருந்து வீடு தோற்றுவிடும். கோழி, ஆடு, மாடு, மீன்தலை, மீன் முட்டை, கணவாய், வெண்டைக்காய், கத்தரிக்காய் என்று அடுக்கி வைத்திருந்தார்கள். சோற்றுக்கு மேல் ஒரே குழம்பை ஊற்றுவதில்லை. இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி என்று கலந்து ஊற்றுவதுதான் அந்தச் சோற்றின் ருசி. சோறு மூழ்க வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள்.

எங்கள் முறை வந்தது. பரிமாறிய பெரியவர், "என்னம்மா, என்ன ஊத்தட்டும்?" என்று தமிழிலேயே கேட்டார்.

அக்காள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, நாங்க மாடு சாப்பிடறதில்லே. அந்தக் கரண்டி படாமே ஊத்துவீங்களா?" என்றாள்.

"அதுக்கென்னம்மா!" என்று சொல்லி வேறு கரண்டி எடுத்தார். "கோழியும் மீனும் மட்டும் கலந்து ஊத்தறேன். எந்தத் தோட்டம்மா?"

அக்காள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அத்தானுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அண்ணே, அது என்ன பேரு, கண்டார்?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா? காண்டாதான். பால் வாளியை ரெண்டு பக்கமும் மாட்டித் தோள்லே தூக்குவீங்களே, அதே கம்பு. எங்க அத்தா காலத்திலே ஒரு பக்கம் சோத்துக் கூடை, ஒரு பக்கம் குழம்புச் சட்டி. தெருத் தெருவாச் சுமந்துதான் வித்தாங்க."

அக்காள் ஒன்றும் பேசவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், தன் வலது தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காண்டா ஏறிக் காய்ப்புக் கண்ட தோள் அது.

பெரியவர் சொன்னது கதையல்ல. மலாய் மொழியில் 'கண்டார்' என்றால், தோளில் கம்பை வைத்து இரு பக்கமும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்குவது. நம் வாயில் அது காண்டா ஆயிற்று. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகளுக்காகவே இந்தச் சோறு பிறந்தது. விடியுமுன்னே வேலைக்கு வந்தவனுக்கு, வயிறு நிறையச் சோறும் காரசாரமான குழம்பும் மலிவாகக் கிடைக்க வேண்டும். அதைச் சுமந்து விற்றவனும் உழைப்பாளி, வாங்கித் தின்றவனும் உழைப்பாளி. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா கடை 1907-லிருந்து இன்றுவரை நடக்கிறது. கம்பு மறைந்து கண்ணாடிப் பெட்டியும் மின்விசிறியும் வந்தாலும், பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இந்தச் சோற்றின் முன்னால் நாம் கூச்சப்படுவதா?

சீன மீயும் தமிழ்க் கையும்

மற்றப் பண்டங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். சார் கோய் தியாவ் என்பது பட்டையான அரிசி மீயை இரும்புச் சட்டியில், நெருப்பு மேலெழ, இறால், கெராங் சிப்பி, தவுகே, கூச்சாய்க் கீரை, முட்டை சேர்த்துக் கிளறுவது. மீன்பிடிப்பவர்களும் சிப்பி பொறுக்குபவர்களும் மாலையில் நாலு காசு பார்ப்பதற்காகக் கிளறி விற்ற பண்டம் என்பார்கள். உடம்பால் உழைப்பவனுக்குத் தெம்பு வேண்டுமென்று பன்றிக் கொழுப்பில் கிளறினார்கள். இன்றும் பல சீனர் கடைகளில் அப்படித்தான். வேண்டாதவர்கள், கொழுப்புச் சேர்க்காமல் கிளறும் மலாய்க்காரர் கடையில் சாப்பிடலாம்.

பினாங்கு லக்சா நம் நாக்குக்குச் சொந்தக்காரன் மாதிரி. கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, மிளகாயும் பூங்கா கந்தானும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. அதை வெள்ளை அரிசி மீயின்மேல் ஊற்றி, வெள்ளரிக்காய், அன்னாசி, புதினா தூவி, ஒரு கரண்டி கருப்பு இறால் விழுதும் சேர்ப்பார்கள். தேங்காய்ப்பால் கிடையாது. மீன் குழம்பில் புளி கூடினால் மகிழ்கிற நமக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும்.

மீ கோரெங்கைப் பாருங்கள். மஞ்சள் மீ சீனருடையது, பெயர் மலாய், மிளகாய் விழுதும் கிளறும் கையும் தமிழ் முஸ்லிமுடையவை. பாசம்பூரும் அப்படியே: வெள்ளரி, செங்குவாங், தவுகே, தவ்வு, இறால் வடை எல்லாவற்றையும் நறுக்கி, வற்றாளங்கிழங்கு சேர்த்த இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றித் தருவார்கள். பர்மா சாலையில் சீனர்கள் வாழைப்பழத் துண்டும் சோளமும் வைத்துச் சுடும் 'அப்பொம்', நம் அப்பமேதான். ஊரெல்லாம் 'புத்து மாயம்' என்று வாங்கித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தொட்டுத் தின்பது நம் இடியாப்பம். அவ்வளவு ஏன், மலாயில் 'கெடாய்' என்கிறோமே, அது நம் 'கடை'தான். வெயிலுக்கு ஒரு மங்கு செண்டோலோ, அத்தீவில் விளையும் ஜாதிக்காயின் சாறோ குடித்தால் களைப்புத் தீரும்.

கேட்டுச் சாப்பிடுங்கள்

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது, விலை. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் ஐந்து பேர் குடும்பத்தை நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு தட்டும் கணக்குத்தான். ஆளுக்கொரு தட்டு வாங்காதீர்கள். ஒரு பண்டத்தில் ஒன்றிரண்டு தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால், குறைந்த செலவில் நாலு ருசி பார்க்கலாம். நாசி கண்டாரில் சோறும் குழம்பும் விலையை ஏற்றுவதில்லை; பெரிய இறாலும் மீன் முட்டையும் மீன்தலையும்தான் ஏற்றுபவை. தட்டில் வைக்குமுன்பே "இது எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்பது மானக்கேடல்ல. விலையைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம்.

இரண்டாவது, மாடும் பன்றியும். எங்கள் அக்காளைப்போல் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முஸ்லிம் கடையில் பன்றி இராது, மாடு இருக்கும். சீனர் கடையில் பன்றி இருக்கலாம். மாட்டைப் பொறுத்தவரை, குவான் இம் தேவியைக் கும்பிடும் சீனர் பலரும் நம்மைப்போலவே அதைத் தொடுவதில்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுவோருக்கு மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவக் கடைகள் உண்டு. சீனர் சைவக் கடைகளும் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சம்பலிலும் குழம்பிலும் பிளாச்சான் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

மூன்றாவது, பெயர். மலாய் நமக்குத் தெரியும். பெயர் வாயில் நுழையாவிட்டால், பக்கத்து மேசைத் தட்டைக் காட்டி "அந்த மாதிரி ஒன்று" என்றால் போதும். சுத்தம் பார்க்க வேண்டுமா? சுவரில் ஏ, பி, சி என்று தர அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர் மக்கள் நிறைந்து, பண்டம் சூடாக இறங்கிக்கொண்டே இருக்கும் கடை பெரும்பாலும் நல்ல கடை.

டயர்க்காரர் கொடுத்த மதிப்பு

உலகப் புகழ் பெற்ற சாப்பாட்டு வழிகாட்டி ஒன்று இருக்கிறது. 'மிச்செலின்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டு டயர் கம்பெனி ஒன்று, கார் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகப் போனால் டயர் தேயுமே என்று 1900-ல் தொடங்கிய புத்தகம் அது. அதன் நட்சத்திரத்துக்காகப் பெரிய பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் தவம் கிடக்கிறார்கள். 2022 டிசம்பரில் அந்த வழிகாட்டி முதன்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. பினாங்கின் அங்காடிக் கடைகள் பலவற்றையும், நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் இடங்கள் என்று குறித்தது. டயருக்கு ரப்பர் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இல்லையா? டயர் விற்ற கம்பெனியே வந்து, கூலிக்காரன் சோற்றுக்கு மதிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறது!

ஆனால், மதிப்பு வந்த நேரத்தில் கை குறைந்துகொண்டிருக்கிறது. சட்டியின் முன் நாற்பது ஆண்டு நின்றவர் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை நெருப்பின் முன்னே வந்து நிற்பானா? நிற்க வேண்டும் என்று அப்பாவுமே விரும்புவதில்லை. புகழ்பெற்ற உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டுத் தொழிலாளர் முதன்மைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2016 முதல் விதித்தது. விதியால் ஒரு கையைத் தடுக்கலாம். கற்றுக்கொள்ள இன்னொரு கை முன்வர வேண்டுமே!

இந்தக் கவலை நம்முடையதும்தான். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. லயத்தில் கூடி வாழ்ந்தவர்கள் பட்டண அடுக்குமாடிகளில் சிதறினார்கள். மரவள்ளிக்கிழங்கு அவியலும் நெத்திலிக் கருவாட்டுச் சம்பலும், சாயோர் மானிஸ் கீரைக் கூட்டும், விறகடுப்பில் அரைத்து வைத்த கோழிக் குழம்பும் நம் பாட்டிமார் கையோடு போய்விடக் கூடாது. பினாங்குத் துறைமுகக் கூலியின் சோறு இன்று உலகத்துக்கு விருந்தாகிறது என்றால், அதைச் சமைத்தவர்கள் அதை மட்டமாக நினைக்காமல் நாள் தவறாமல் சமைத்ததால்தான். "இது தோட்டத்துச் சாப்பாடுதானே" என்று நாமே தள்ளி வைத்தால், வேறு யார் வந்து மதிக்கப் போகிறார்கள்?

ஆகவே, பெற்றோர்களே, அடுத்த விடுமுறைக்குப் பினாங்கு போனால் ஒரு வேளையாவது கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளையே போய்க் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்; அந்தப் பழக்கம் நாளை அவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் துணை நிற்கும். நாசி கண்டார் தட்டு வந்ததும், காண்டா என்றால் என்ன, அதை யார் எதற்காகத் தூக்கினார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். வாளியையும் கம்பையும் காணாத பிள்ளைகள் அவர்கள். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே கேட்டால் மறக்கமாட்டார்கள்.